பெட்ரோல் போடுறதே எப்பவாவதுதான், இன்ஜின் ஆயில் எப்போ மாத்தணும்?

பிளக்-இன் ஹைபிரிட் கார் வாங்கி ஒரு வருஷம் ஆனவர்கள் சர்வீஸ் அட்வைசரிடம் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். "வண்டி தினமும் கரண்ட்லதான் ஓடுது. இன்ஜின் ஸ்டார்ட் ஆகுறதே அபூர்வம். அப்புறம் எதுக்குங்க ஆயில் மாத்தணும்?" நியாயமான கேள்விதான். ஓடாத இன்ஜினுக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவு பண்ண யாருக்கும் மனசு வராது. ஆனால் இதற்கான பதில் நாம் நினைப்பதற்கு நேர் எதிராக இருக்கிறது.

முதலில் எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாகிவிடுவோம். ஹைபிரிட் என்ற பெயரில் நம் சாலைகளில் அதிகம் ஓடுபவை இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட் போன்றவை. இவற்றை வீட்டில் சார்ஜ் போட முடியாது. பேட்டரி சிறியது, இன்ஜின் அடிக்கடி ஓடும். பிளக்-இன் ஹைபிரிட் வேறு வகை. பெரிய பேட்டரி, சார்ஜிங் கேபிள், கூடவே பெட்ரோல் இன்ஜின். ஒரு முறை சார்ஜ் போட்டால் மாடலைப் பொறுத்து 30, 40, 60 கிலோமீட்டர் என்று வெறும் மின்சாரத்திலேயே போகும். அது தீர்ந்த பிறகு பெட்ரோல். இந்தியாவில் வால்வோ எக்ஸ்சி90 டி8 போன்ற விலை உயர்ந்த மாடல்களாகவே இவை பெரும்பாலும் வந்தன. இப்போது அவை பழைய கார் சந்தைக்கும் வர ஆரம்பித்திருக்கின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

சென்னையில் இருக்கிறீர்கள். ஆபீஸ் போய்வர தினம் 22 கிலோமீட்டர், மாதம் 25 நாள். பேட்டரி 40 கிலோமீட்டர் தாங்கும், இரவில் வீட்டிலேயே சார்ஜ். இது மட்டும் வருடத்துக்கு 6,600 கிலோமீட்டர். ஒரு சொட்டு பெட்ரோல் வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை புதுச்சேரி போய்வருகிறீர்கள், சுமார் 300 கிலோமீட்டர். அதில் முதல் 40 மின்சாரம், மீதி 260 பெட்ரோல். ஆறு பயணம் என்றால் இன்ஜின் ஓடியது 1,560 கிலோமீட்டர்.

வருட முடிவில் மீட்டர் 8,400 காட்டும். இன்ஜின் உழைத்ததோ அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் கையேட்டில் "10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ" என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டரை மட்டும் பார்த்தால் இன்னும் 1,600 கிலோமீட்டர் பாக்கி. இன்ஜின் கணக்கைப் பார்த்தால் இன்னும் ஐந்து வருஷம் ஓட்டலாம் போலத் தோன்றும். இரண்டுமே தப்பு. 12 மாதம் ஆகிவிட்டது, மாற்ற வேண்டும்.

இதே காரை கோயம்புத்தூரில் ஒருவர் வைத்திருக்கிறார். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சார்ஜிங் வசதி இல்லை. மாதம் 1,500 கிலோமீட்டர், பெரும்பாலும் பெட்ரோலில். அவருக்கு ஏழு மாதம் முடிவதற்குள்ளேயே 10,000 வந்துவிடும். அவர் காலண்டரைப் பார்க்க வேண்டியதே இல்லை, மீட்டர் போதும். கார் ஒன்றுதான், கணக்கு வேறு.

சும்மா இருக்கும் ஆயில் ஏன் கெடுகிறது

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. நம்பச் சிரமம்தான், ஆனால் இது பள்ளிக்கூட வேதியியல். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராவி ஆகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் சேரும். இன்ஜின் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும்போது எரியாத பெட்ரோலும் அதே வழியில் இறங்கும், ஏனென்றால் அந்த நேரத்தில் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கப்படுகிறது.

சாதாரண காரில் இது பெரிய விஷயமில்லை. அரை மணி நேரம் ஓட்டினால் ஆயில் நன்றாகச் சூடாகி, தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகிப் போய்விடும். பிளக்-இன் ஹைபிரிட்டில் நடப்பது வேறு. மேம்பாலம் ஏற ஆக்சிலரேட்டரை அழுத்துகிறீர்கள், இன்ஜின் திடீரென்று எழுந்து இரண்டு நிமிடம் ஓடுகிறது, அடங்கிவிடுகிறது. சில மாடல்களில் ஊட்டியில் ஹீட்டர் போட்டாலே இன்ஜின் கிளம்பும். ஆயில் சூடாகவே இல்லை. உள்ளே வந்த தண்ணீரும் பெட்ரோலும் அங்கேயே தங்கிவிடுகின்றன. இப்படி அடிக்கடி நடந்தால் ஆயில் நீர்த்துப்போகும், அமிலத்தன்மை கூடும், உலோகத்தைக் காக்கும் சேர்மானங்கள் தீர்ந்துபோகும். அதனால்தான் குறைவாக ஓடும் இன்ஜினுக்கும் மாதக் கணக்கு வைத்திருக்கிறார்கள். குளிர் நாடுகளை விட நம் ஊர் வெயிலில் இந்தத் தொல்லை குறைவு என்பது உண்மை. ஆனால் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை.

இதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். வண்டியை சமதரையில் நிறுத்தி, கையேட்டில் சொன்ன முறைப்படி டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் எல்லோரும் கவலைப்படுவோம். கூடியிருந்தால்? "பரவாயில்லையே, ஆயிலே குடிக்கல" என்று சந்தோஷப்பட வேண்டாம். தானாக அளவு ஏறியிருந்தால் அதில் பெட்ரோலோ தண்ணீரோ கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் அது ஈரத்தின் அடையாளம். இரண்டில் எது தெரிந்தாலும் தேதி வரும்வரை காத்திருக்காமல் சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள். டிப்ஸ்டிக்கே இல்லாத மாடல்களில் திரையில்தான் அளவு பார்க்க முடியும்.

கார் தயாரிப்பாளர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரியும். அமெரிக்காவில் 2010-இல் வந்த செவர்லே வோல்ட் கார், ஆறு வாரம் போல இன்ஜின் ஓடாமல் இருந்தால் சில நிமிடம் இன்ஜினைத் தானே ஓட்டிக்கொள்ளும். மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன் மாடலில் மூன்று மாதமாக 15 லிட்டர் பெட்ரோல்கூடப் போடாமல் இருந்தால், பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் இன்ஜின் எழுந்துவிடும். "வண்டியில ஏதோ கோளாறு" என்று பயப்பட வேண்டாம், அது வண்டி தன்னைப் பார்த்துக்கொள்ளும் வழி.

ஆயில் மாற்றும் கெடுவும் மாடலுக்கு மாடல் மாறும். வோல்ட் காரில் ஆயிலின் மீதி ஆயுளைச் சதவீதமாகக் காட்டும் கணக்கு இருந்தது. அது எச்சரிக்காவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். டொயோட்டாவின் பிரியஸ் பிரைமுக்கு அமெரிக்காவில் 10,000 மைல், அதாவது சுமார் 16,000 கிலோமீட்டர், அல்லது ஒரு வருடம். அதனால் இணையத்தில் யாரோ "ரெண்டு வருஷம் தாங்கும்" என்று சொன்னால் எந்தக் காருக்குச் சொல்கிறார், எந்த நாட்டுக் கையேட்டை வைத்துச் சொல்கிறார் என்று பாருங்கள். உங்களுக்குக் கணக்கு உங்கள் வண்டிக்கு இந்தியாவில் கொடுத்த கையேடுதான். அதில் "கடினமான பயன்பாடு" என்று தனி அட்டவணை இருந்தால் அதையும் படியுங்கள். குறுகிய தூர ஓட்டம் பெரும்பாலும் அதில்தான் வரும்.

திரையில் வரும் சர்வீஸ் நினைவூட்டலை எவ்வளவு நம்பலாம்? இன்ஜின் எத்தனை முறை குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆனது, எவ்வளவு சூடானது என்று கணக்கிட்டுச் சொல்லும் வகை உண்டு. வெறுமனே தேதியும் கிலோமீட்டரும் எண்ணும் வகையும் உண்டு. உங்கள் வண்டியில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆயில் மாற்றியதும் அதை ரீசெட் செய்தார்களா என்றும் கேளுங்கள், நிறைய இடத்தில் இதை மறந்துவிடுகிறார்கள்.

இதற்காக ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும் என்றும் இல்லை. கையேடு கேட்காததைச் செய்வது வீண் செலவு. அதை விட மாதம் ஒரு முறையாவது அரை மணி நேரத்துக்குக் குறையாமல் இன்ஜினில் ஓட்டுங்கள். ஹைவேயில் ஓட்டும்போது 'சேவ்' அல்லது 'சார்ஜ்' என்ற மோடுக்கு மாற்றினால் போதும், இன்ஜின் தொடர்ந்து ஓடி ஆயில் சூடாகும். டேங்கில் தேங்கிய பழைய பெட்ரோலும் செலவாகும்.

இன்னொன்று, ஆயிலின் கிரேடு. இந்த இன்ஜின்களுக்கு 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயில்தான் பெரும்பாலும் வரும். குளிர்ந்த நிலையில் சட்டென்று எழும் இன்ஜினுக்குள் ஆயில் உடனே மேலே ஏற வேண்டும், அதற்குத்தான். "நம்ம ஊர் சூட்டுக்கு இது தண்ணி மாதிரி சார், கெட்டியா ஊத்திடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பில் வாங்கும்போது ஆயிலின் கிரேடு, அளவு, ஃபில்டர் மாற்றியது, தேதி, மீட்டர் அளவு எல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். உடனே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்த தேதியைக் காலண்டரில் ஒரு மாதம் முன்னதாகவே நினைவூட்டலாகப் போடுங்கள். நாளைக்கு இன்ஜினில் பெரிய பழுது வந்து வாரண்டி கேட்கப் போனால் முதலில் கேட்கப்படுவது இந்த பில்தான். "கிலோமீட்டர் ஆகலையே" என்ற வாதம் அங்கே நிற்காது, 12 மாதக் கெடுவும் நிபந்தனைதான். நீங்கள் எல்லாம் சரியாகச் செய்தும் வாரண்டி மறுக்கப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்.

பழைய பிளக்-இன் ஹைபிரிட் வாங்குபவர்கள் குறைந்த கிலோமீட்டரைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. நான்கு வருட வண்டி, 20,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றால் ஆயில் எத்தனை முறை மாறியது என்று கேளுங்கள். வருடாந்திரக் கெடு உள்ள வண்டிக்கு இரண்டு பில்தான் இருக்கிறது என்றால் விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறைக்கச் சொல்லலாம். பில்லே இல்லை என்றால் வேறு வண்டி பார்ப்பது நல்லது.