சாட்சி சொல்லி முடியும்வரை சிகிச்சை காத்திருக்க வேண்டுமா?

பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் சாட்சியத்தை 30 நாளில் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 35-வது பிரிவு. நெய்வேலி வாசகர்களின் கடிதங்களில் இந்தக் கெடுதான் பெரிய குழப்பம். கணக்கு தொடங்குவது புகார் கொடுத்த நாளில் அல்ல. சிறப்பு நீதிமன்றம் வழக்கைக் கோப்புக்கு எடுத்த நாளில். அதுவும் பல வழக்குகளில் தாண்டிப்போகிறது. "இப்போது மனநல மருத்துவரிடம் போனால், சொல்லிக்கொடுத்துப் பேசவைத்ததாக எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்" என்ற பேச்சை நம்பி, பெற்றோர் சாட்சியம் முடியும்வரை பிள்ளையைச் சிகிச்சை இல்லாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

சட்டத்தில் அப்படி ஒரு தடையே இல்லை.

கோப்பில் 'கவுன்சலிங் வழங்கப்பட்டது' என்று எழுதிவிட்டால் சிகிச்சை முடிந்ததாக அதிகாரிகள் சொல்வதையும் ஏற்க முடியாது. ஒருமுறை உட்கார வைத்துத் தைரியம் சொல்வது சிகிச்சை ஆகாது. கோஹன், மன்னரினோ, டெப்லிங்கர் ஆகிய மூவர் இத்தகைய குழந்தைகளுக்காக அமெரிக்காவில் உருவாக்கிய சிகிச்சை முறை பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள் வரை நீளும். ஆரம்ப அமர்வுகளில் நடந்ததை விவரமாகச் சொல்லச் சொல்வதில்லை. மூச்சை மெதுவாக விடுவது, பயம் வந்தால் உடம்பில் எங்கே தெரிகிறது என்று காட்டுவது, தூக்கத்தைச் சீராக்குவது, இவ்வளவுதான். சொல்லிக்கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இதில் இடமே இல்லை. இதை உடனே தொடங்கலாம்.

பிறகுதான் நடந்ததைப் பிள்ளை தன் வார்த்தையில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறது அல்லது வரைகிறது. ஒவ்வொரு பகுதியையும் வாசித்துவிட்டு, பயம் பத்துக்கு எவ்வளவு என்று சொல்கிறது. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது அந்த எண் இறங்குகிறது. நினைவு அழிவதில்லை, அதன் மேலிருக்கும் பயம் விலகுகிறது. 'என் தப்புதான்' என்ற எண்ணம் அந்தத் தாளில் வெளிப்படும்போதுதான் அதைத் திருத்த முடிகிறது. தாய் தந்தைக்கும் தனி அமர்வுகள் உண்டு. பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குத் தெரிந்துவிடுமோ என்று பதறும் வீட்டில், பிள்ளைக்கு முன்னால் பெற்றோர்தான் நிதானப்பட வேண்டும்.

வழக்கில் துணைக்கு யார்? குழந்தைகள் நலக் குழு ஆதரவு நபரை நியமிக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

இந்தச் சட்டமும் சிகிச்சையும் ஆண் பிள்ளைக்கும் பொருந்துமா? பொருந்தும்.

செலவுக்கு? முதல் தகவல் அறிக்கைக்குப் பின் எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்கால இழப்பீடு கேட்கலாம்.

இன்னும் புகார் கொடுக்கவில்லையே? 19-வது பிரிவின்படி மருத்துவரும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளாதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098; மனநல உதவிக்கு 14416. இன்றே பேசுங்கள்.