யானையும் இல்லை, ஊளைச்சதையும் இல்லை
பெண்களின் கால் பருமனுக்குப் பின்னால் ஒரு நோய் ஒளிந்திருக்கலாம். அதன் பெயர் தெரியாததால் பழி அவர்கள் தலையில் விழுகிறது.

தில்லித் தமிழர்களுக்குச் சின்ன வெங்காயம், முருங்கைக்காய், கறிவேப்பிலை என்றதும் நினைவுக்கு வரும் இடங்களில் ஒன்று ஐ.என்.ஏ. மார்க்கெட். நெருக்கமான சந்துகள், மீன் கடை ஓரத்து ஈரத் தரை, இரண்டு கைகளிலும் பை. ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் நல்ல கால்களே கெஞ்சத் தொடங்கிவிடும். இடுப்புக்குக் கீழே மட்டும் பருத்து, தொட்டாலே வலிக்கும் கால்களோடு வருகிற பெண்ணுக்கு அது தண்டனை.

இங்கிருந்து மெட்ரோவில் அடுத்த நிலையம் எய்ம்ஸ். அதற்கு எதிரே சஃப்தர்ஜங் மருத்துவமனை. நாட்டின் பெரிய டாக்டர்கள் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் போய் என்ன சொல்வது? யானைக்கால் என்றால் பிரச்னை இல்லை. இந்தியில் ‘ஹாத்தி பாவ்’. இரண்டு மொழிகளும் ஒரே மிருகத்தைத்தான் துணைக்கு அழைத்திருக்கின்றன. லிப்பெடீமா என்ற நோய்க்கோ இரண்டிலும் பேச்சு வழக்கில் பெயர் கிடையாது. தமிழில் ‘ஊளைச்சதை’, இந்தியில் ‘மோட்டாபா’ என்று முடித்துவிடுகிறார்கள். பெயர் இல்லாத நோய்க்குச் சிகிச்சை கிடைப்பதில்லை, உபதேசம்தான் கிடைக்கிறது. அரிசியைக் குறை, காலையில் நட, வாயைக் கட்டு.

இத்தனைக்கும் இது புது நோய் அல்ல. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1940லேயே இதை விவரித்துப் பெயரும் வைத்துவிட்டார்கள். பெரும்பாலும் பெண்களுக்கே வருகிறது. பூப்பெய்தும் வயதிலோ, கர்ப்ப காலத்திலோ, மாதவிடாய் நிற்கும் சமயத்திலோ தலைகாட்டுகிறது. அம்மா, பாட்டி, அத்தை என்று குடும்பத்தில் பலருக்கு இருப்பதும் உண்டு. ‘எங்கள் வீட்டுப் பெண்களுக்கே உரல் மாதிரி கால்’ என்று சொல்லிக்கொண்டு அதைத் தலையெழுத்தாக ஏற்றுக்கொள்வதற்கு அதுவே வழி செய்துவிடுகிறது.

எப்படி அடையாளம் காண்பது?

மூன்று வகைக் கால்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு நிணநீர் மண்டலத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. ரத்தக் குழாய்களிலிருந்து தினமும் சில லிட்டர் திரவம் திசுக்களுக்குள் கசிகிறது. அதைத் திரட்டி, வடிகட்டி, கழுத்தின் அடிப்பகுதியில் உள்ள பெரிய சிரைகளில் மீண்டும் ரத்தத்தோடு சேர்ப்பதுதான் இந்த மண்டலத்தின் முக்கிய வேலை. ஊரில் வயற்காட்டு வடிகால் செய்கிற அதே வேலை. வடிகட்டும் இடங்கள்தான் நிணநீர் முடிச்சுகள். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் ‘நெறி கட்டுகிறதே’, அது இந்த முடிச்சு வீங்குவதுதான்.

வடிகால் அடைத்துக்கொண்டால் வருவது நிணநீர் வீக்கம். யானைக்கால் அதில் ஒரு வகை. சாக்கடைக் கொசு பரப்பும் ஃபைலேரியா புழு நிணநீர்க் குழாய்களில் குடியேறி அவற்றைக் கெடுக்கிறது. இந்தப் புழுவின் குஞ்சுகளை மனித ரத்தத்தில் 1872ல் கண்டவர் கல்கத்தாவில் இருந்த திமோதி லூயிஸ். கொசுவின் பங்கை 1877ல் சீனாவில் கண்டுபிடித்தவர் பேட்ரிக் மேன்சன். இலங்கை இந்த நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016ல் அங்கீகரித்தது. இந்தியா 2027ஐ இலக்காக வைத்தது. புற்றுநோய் அறுவையில் அக்குள் முடிச்சுகளை எடுத்த பிறகு சில பெண்களுக்குக் கை வீங்குவதும் நிணநீர் வீக்கமே.

இந்த வீக்கம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும், அல்லது ஒரு பக்கம் அதிகமாக இருக்கும். பாதமும் விரல்களும் சேர்ந்தே வீங்கும். லிப்பெடீமா அப்படியல்ல. இரண்டு கால்களும் ஒரே அளவில் பருக்கும். பருமன் கணுக்காலில் கொலுசு போட்ட மாதிரி நின்றுவிடும். பாதம் மெலிந்தே இருக்கும். அழுத்தினால் வலிக்கும். லேசாக இடித்தாலும் ரத்தம் கன்றிப் போகும். பட்டினி கிடந்தால் முகமும் மார்பும் வற்றும். கால் மட்டும் அசைந்து கொடுக்காது. மூன்றாவது வகை சாதாரண உடல் பருமன். அதில் கொழுப்பு உடம்பெங்கும் சேரும். கால் இப்படி வலிப்பதில்லை.

மருத்துவர்கள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்குவார்கள். தூக்க வராவிட்டால் நிணநீர் வீக்கம் என்று சந்தேகிக்கலாம். லிப்பெடீமாவில் தோல் எழும்பி வரும். ஆனால் லிப்பெடீமா முற்றினால் வடிகாலும் திணறத் தொடங்கி, இரண்டு கோளாறுகளும் சேர்ந்துகொள்ளக்கூடும்.

கத்தி எங்கே உதவும்?

நோய் வேறு என்பதால் அறுவையும் வேறு. நிணநீர் வீக்கத்துக்கான அறுவை வரலாற்றில் இந்தியாவுக்கு இடம் உண்டு. தோலையும் வீங்கிய திசுவையும் அகற்றி மேலே தோல் ஒட்டும் முறைக்கு ‘சார்லஸ் அறுவை’ என்று பெயர். கல்கத்தாவில் பணியாற்றிய ஹேவ்லாக் சார்லஸ் வெட்டி எடுத்தது விரைப்பை வீக்கத்தை. காலுக்கான அறுவைக்கு அவர் பெயரைப் பின்னால் வந்தவர்கள் சூட்டினார்கள். யானைக்கால் மலிந்திருந்த காவிரிப் படுகையில், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் எஸ். ஜமால், நிணநீர்ப் பாதையைச் சிரையோடு இணைத்துவிடும் முறையைக் கையாண்டு 1981ல் அதைப் பற்றி எழுதினார். இதே எண்ணத்தை ஜப்பானின் இசாவோ கோஷிமா ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய்கள் வரை கொண்டுபோனார். வேறிடத்திலிருந்து நிணநீர் முடிச்சை எடுத்து நடுவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: அறுவைக்குப் பிறகும் அழுத்தக் கட்டும் தோல் பராமரிப்பும் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, புண் வராமல் காப்பது யானைக்காலுக்கு இன்றும் முதல் மருந்து.

லிப்பெடீமாவில் தேங்கியிருப்பது நீரல்ல, நோயுற்ற கொழுப்பு. எனவே குழாய்களை இணைப்பதால் அந்தக் கொழுப்பு குறையாது. இங்கே செய்யப்படுவது லைப்போசக்ஷன். கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன் 1987ல் வெளியிட்ட முறைப்படி, மரமரப்பு மருந்தும் ரத்தக் கசிவைக் குறைக்கும் மருந்தும் கலந்த திரவத்தைச் செலுத்தி, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள். நிணநீர்க் குழாய்கள் சேதமாகாமலிருக்க, காலின் நீளவாட்டிலேயே குழாயைச் செலுத்த வேண்டும். ஒரே நாளில் முடிகிற காரியமல்ல. பல தவணைகள் ஆகும். வலி குறைகிறது, நடை சுலபமாகிறது. ஆனால் நோய் வேரோடு போய்விடும் என்று யாராவது உத்தரவாதம் தந்தால் எழுந்து வந்துவிடலாம். ரத்தக்கட்டு, தொற்று, மரமரப்பு மருந்தின் நச்சு ஆகிய அபாயங்களும் உண்டு.

இது அழகுக்கான அறுவையா, சிகிச்சையா? காப்பீட்டுப் பணம் இந்தக் கேள்வியில்தான் சிக்கிக்கொள்கிறது. ஜெர்மனியில் முற்றிய நிலை நோயாளிகளுக்கு மட்டும் 2020 முதல் பொதுக் காப்பீடு பணம் தந்தது. ஒப்பீட்டு ஆய்வின் முடிவுகளைப் பார்த்த பிறகு, 2025ல் எல்லா நிலைகளுக்கும் தரலாம் என்று அங்கே முடிவெடுத்தார்கள்.

நம் ஊரில் ‘கொழுப்பைக் கரைக்கிறோம்’ என்ற விளம்பரப் பலகையைப் பார்த்துப் போகிறவர்கள் சில கேள்விகளைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அறுப்பவர் பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜனா? லிப்பெடீமா கால்களை இதற்கு முன் கையாண்டிருக்கிறாரா? ஒரு தவணையில் எத்தனை லிட்டர் எடுப்பார்? ஏதாவது நேர்ந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே இருக்கிறதா?

அறுவைக்கு முன் செய்ய வேண்டியவையும் உண்டு. அளவெடுத்த அழுத்தக் காலுறை வலியைக் குறைக்கும். தில்லி வெயிலில் அதை மாட்டிக்கொள்வது மட்டும் தனித் தவம். தண்ணீருக்குள் நடப்பதும் நீந்துவதும் கால்களுக்கு இதம். எடை கூடாமல் பார்த்துக்கொண்டால் நோய் முற்றும் வேகம் குறையலாம். இரண்டு கால்களிலும் விரலால் அழுத்தினால் குழி விழுந்தால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவது உயிர் காக்கும்.

லிப்பெடீமாவைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. டாக்டரின் கண்ணும் கையும், நோயாளி சொல்வதும்தான் ஆதாரம். எனவே ‘குண்டாகிவிட்டேன் டாக்டர்’ என்று பேச்சைத் தொடங்க வேண்டாம். எந்த வயதில் தொடங்கியது, எங்கே வலிக்கிறது, பாதம் ஏன் மெலிந்திருக்கிறது, அம்மாவின் கால் எப்படி இருந்தது என்று சொன்னால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும்.