ஸ்டிக்கர் மாத்தினா பென்ஸ் ஆகுமா? வெளிநாட்டு சொகுசு கார்களோடு மல்லுக்கட்டும் காடிலாக்

டெட்ராய்ட்: அமெரிக்காவில் ஒரு காலத்தில் பணக்காரர் வீடு என்றால் வாசலில் காடிலாக் கார் நிற்க வேண்டும். இன்றைக்கு அதே வாசலில் லெக்சஸ், பி.எம்.டபிள்யூ., பென்ஸ் என்று வெளிநாட்டுக் கார்கள் நிற்கின்றன. சொந்த ஊர் கம்பெனி எப்படிக் கோட்டை விட்டது? விட்ட இடத்தைப் பிடிக்க வழி இருக்கிறதா?

காடிலாக் ஒன்றும் நேற்று முளைத்த கம்பெனி அல்ல. 1902ல் டெட்ராய்ட்டில் தொடங்கியது. 1908ல் இங்கிலாந்தில் ஒரு சோதனை. மூன்று காடிலாக் கார்களை அக்கக்காகக் கழற்றி, பாகங்களை ஒன்றோடு ஒன்று கலந்து விட்டார்கள். கலந்ததை எடுத்து மறுபடி மூன்று கார்களாகப் பூட்டினால், மூன்றும் ஜம்மென்று ஓடின! ஒரு காரின் பாகம் இன்னொரு காருக்கு அப்படியே பொருந்துவது அந்தக் காலத்தில் பெரிய அதிசயம். 1909ல் ஜெனரல் மோட்டார்ஸ் இதை வாங்கியது. கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் தொல்லையை ஒழித்து, 1912ல் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் போட்டதும் காடிலாக்தான்.

பேரு பெரிசு, கார் சிறுசு

சறுக்கியது 1980களில். 1981ல் வந்த ஒரு இன்ஜின், தேவைக்கு ஏற்ப 8, 6, 4 சிலிண்டரில் ஓடும் என்றார்கள். நடுரோட்டில் திக்கித் திணறியது. வாங்கியவர்கள் பலர் மெக்கானிக்கைப் பிடித்து அந்த வசதியையே துண்டித்து விட்டார்கள்.

அடுத்த வருஷ மாடலாக 'சிமரான்' வந்தது. அதே ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற ஷெவர்லே கவாலியர் என்ற சின்ன காருக்கு லெதர் சீட்டும் காடிலாக் பட்டையும் ஒட்டி, ஆயிரக்கணக்கான டாலர் கூட்டி விற்றார்கள். ஜனங்களுக்குத் தெரியாதா? 1988ல் கடையைக் கட்டினார்கள். கார் போனதை விட, பேர் கெட்டதுதான் பெரிய நஷ்டம்.

டேங்க்கை நிரப்பிக் கொடுத்த லெக்சஸ்

அந்த நேரம் பார்த்து 1989ல் ஜப்பானின் டொயோட்டா, லெக்சஸ் காரை இறக்கியது. பென்சுக்கு ஈடான கார், விலையோ பல ஆயிரம் டாலர் குறைவு. வந்த சில மாதத்திலேயே சின்னக் கோளாறு. சுமார் 8 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. இன்னொரு கம்பெனியாக இருந்தால் மானம் போயிருக்கும். லெக்சஸ் ஆட்கள் வீட்டுக்கே வந்து காரை எடுத்துப் போனார்கள். கோளாறைச் சரி செய்து, கழுவி, டேங்க்கையும் நிரப்பிக் கொண்டு வந்து விட்டார்கள். வாங்கியவர்கள் அசந்து போனார்கள். 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் அதிகம் விற்ற சொகுசு கார் லெக்சஸ்தான்.

மாதத் தவணையில் இருக்கு சூட்சுமம்

அங்கே சொகுசு காரை முழுப் பணம் கொடுத்து வாங்குவதை விட, மூன்று வருஷ வாடகைக்கு எடுப்போர் ஏராளம். காரின் விலையில் மூன்று வருஷத்தில் எவ்வளவு இறங்குமோ, அதைத்தான் மாதாமாதம் கட்டுகிறார்கள்.

உதாரணத்துக்கு 50 ஆயிரம் டாலரில் இரண்டு கார். மூன்று வருஷம் கழித்து ஒன்று 30 ஆயிரத்துக்குப் போகும், இன்னொன்று 24 ஆயிரத்துக்குத்தான் போகும். வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் முதல் காருக்கு மாதம் 555 டாலர், அடுத்ததற்கு 722 டாலர். ஷோரூமில் விலை ஒன்றுதான், ஆனால் பாக்கெட்டில் இருந்து போகும் பணம் வேறு. 'செகண்ட் ஹேண்ட்' விலை நிற்காத கம்பெனி, தள்ளுபடி கொடுத்துத்தான் தள்ள வேண்டும். தள்ளுபடி கூடக் கூட, பழைய காரின் விலை இன்னும் இறங்கும். காடிலாக் சிக்கியது இந்தச் சுழலில்தான்.

2014ல் தலைமைக்கு வந்த யோஹான் டி நைஸ்சன், ஏற்கனவே ஆடி, இன்பினிட்டி கம்பெனிகளை நடத்தியவர். ஆபீசையே நியூயார்க்குக்கு மாற்றினார். 2018ல் அவர் போனார். ஆபீஸ் மறுபடி மிச்சிகனுக்கே வந்து சேர்ந்தது.

அதற்கு முன்பே நல்ல கார் வராமல் இல்லை. 2002ல் வந்த சி.டி.எஸ். காரை ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையிலேயே ஓட்டிப் பதம் பார்த்தார்கள். பேர் வாங்கியது. 2012ல் வந்த ஏ.டி.எஸ். காருக்கு விருது கிடைத்தது, ஆனால் பின் சீட்டில் கால் நீட்ட இடமில்லை. ஜனங்களோ அதற்குள் உயரமான எஸ்.யூ.வி. பக்கம் போய் விட்டார்கள். லெக்சஸ் ஆர்.எக்ஸ். 1998லேயே வந்தாச்சு, காடிலாக்கின் சின்ன எஸ்.யூ.வி.யான எக்ஸ்.டி.4 வர 2018 ஆனது. இருபது வருஷம்!

மானம் காத்த எஸ்கலேட்

உண்மையில் காடிலாக்கைத் தூக்கி நிறுத்தியது, மலை மாதிரி நிற்கும் எஸ்கலேட்தான். இதுவும் ஷெவர்லேயின் பெரிய வண்டியோடு சட்டத்தைப் பகிர்ந்து கொள்வதுதான். அப்படியானால் சிமரான் தோற்று இது ஜெயித்தது எப்படி? அடியில் இருக்கும் வண்டியே வாட்டசாட்டமானது. போதாததற்கு, ராப் பாடகர்களும் விளையாட்டு வீரர்களும் இதைத் தேடித் தேடி வாங்கினார்கள். ஜெர்மன்காரனைக் காப்பி அடிக்காமல், அமெரிக்காவுக்கே உரிய தோரணையில் வந்த வண்டி இது.

இந்தப் போட்டியில் தொழிலாளியின் சோறும் இருக்கிறது. 2009ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானபோது போன்டியாக் பிராண்டை இழுத்து மூடினார்கள், காடிலாக் தப்பியது. ஒரு காருக்கு அதிக லாபம் தரும் பெயரை யார் விடுவார்கள்?

'இறக்குமதி' என்ற வார்த்தையே இப்போது குழப்பம்தான். பி.எம்.டபிள்யூ. 1994 முதல் தென் கரோலினாவில் கார் செய்கிறது, 11 ஆயிரம் பேருக்கு மேல் வேலை. காடிலாக்கின் ஆப்டிக் மின்சாரக் காரோ மெக்சிகோவில் இருந்து அமெரிக்க ஷோரூமுக்கு வந்தது. 2025ல் டிரம்ப் அரசு வெளிநாட்டுக் கார்களுக்கு 25 சதவீத வரி போட்டபோது, அதிலிருந்து இந்த 'உள்ளூர்' காரும் முழுசாகத் தப்பவில்லை. ஐரோப்பா, ஜப்பான் கார்களுக்கு அந்த வரி பிறகு 15 சதவீதமாக இறங்கி விட்டது.

மின்சாரக் கார்தான் காடிலாக்கின் புது ஆயுதம். 2022ல் வந்த லிரிக் காரை வாங்கியவர்களில் பெரும்பாலோர் காடிலாக்குக்குப் புதியவர்கள் என்று கம்பெனி சொன்னது. ஆனால் 2025 செப்டம்பர் 30ம் தேதியோடு, மின்சாரக் காருக்கு அரசு கொடுத்த 7,500 டாலர் வரிச் சலுகை நின்றது. சார்ஜ் போடத் தேவையில்லாத ஹைப்ரிட் கார்களை லெக்சஸ் 2005 முதலே விற்கிறது. காடிலாக்கும் எஸ்கலேட்டில் ஹைப்ரிட் கொடுத்துப் பார்த்தது. 2013 மாடலோடு அதை நிறுத்தி விட்டது.