தோள் கொடுத்தது நீச்சல்

1965 போரில் குண்டுகள் துளைத்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார் ராணுவக் குத்துச்சண்டை வீரர் முரளிகாந்த் பேட்கர். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அந்நாளில் எமனாக வந்தவை படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். பேட்கரோ சிகிச்சைக்காக நீரில் இறங்கினார். நீர் உடலைத் தாங்க, கால்களின் வேலையைத் தோள்கள் ஏற்றன.

1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டரை 37.33 விநாடியில் நீந்தித் தங்கம் வென்றார். ஊனமுற்றோர் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு அதுவே முதல் தங்கம். பத்மஸ்ரீ வந்ததோ 2018-ல். 46 வருடத் தாமதம்!

புனேயை அடுத்த கட்கியில், தண்டுவடம் அடிபட்ட ராணுவ வீரர்களுக்கான மறுவாழ்வு மையத்திலும் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து உண்டு. பந்தை எறியப் பழகிய அதே தோள்தான், பிறர் கையை எதிர்பாராமல் காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற உதவுகிறது.