தழும்பும் அயல் தோலும்

எரிகாயம் ஆறிவிட்டது என்று சுற்றத்தார் ஆறுதல் கொள்ளும் வேளையிலேயே சிலருக்கு இடர் தொடங்குகின்றது. ஆழ வெந்த இடத்தில் உண்டாகும் தழும்பு இயல்பான தோலன்று. தடித்துச் சுருங்கும் நார்த்திசு. கழுத்தில் உண்டாயின் தாடையை மார்போடு இழுக்கும். முழங்கையில் உண்டாயின் கையை மடக்கிவிடும். குழந்தை வளர்கின்றது, தழும்போ அவ்வளவிற்கு வளர்வதில்லை. குப்பி விளக்குகள் மலிந்திருந்த நம் நாட்டில் இத்தகைய தழும்புகள் புதியனவல்ல. எளிதிற் சரிந்து உருளாத விளக்கொன்றை ஆக்கி, 1998இல் ரோலக்ஸ் விருது பெற்ற விஜய கொடகும்புர ஒரு சத்திர சிகிச்சை நிபுணர் என்பது கருதத்தக்கது.

தழும்பை வெட்டி நீக்குதல் அரிதன்று. வெட்டிய இடத்தை எதனால் மூடுவது என்பதே வினா. தொடையிலிருந்து சீவியெடுத்து ஒட்டும் தோல் நிறத்தால் வேறுபடும். மீண்டும் சுருங்கவுங் கூடும். அயலிலுள்ள தோலை ஒரு காம்பு விட்டு வெட்டித் திருப்பிப் பொருத்தும் மடல் முறையோ மிகப் பழையது. சுச்ருத சங்கிதையிலேயே கூறப்பட்டுள்ளது. திப்பு சுல்தானுடன் நிகழ்ந்த போரிற் சிறைப்பட்டு மூக்கறுக்கப்பட்ட கவாஸ்ஜி என்னும் வண்டிக்காரனுக்குப் பூனாவை அடுத்து நெற்றித் தோலால் மூக்கு அமைத்த செய்தியை 1794இல் இலண்டன் இதழொன்று படத்துடன் வெளியிட்டது. யோசப் கார்ப்யூ 1814இல் அம்முறையை இலண்டனிற் கையாண்டார். மூக்கு வந்தது, நெற்றியில் வடு நின்றது. ஓரிடத்துக் கடனை மற்றோரிடம் அடைப்பதே பழைய மடல் முறையின் குறை.

அக்கடனைக் குறைக்கும் வழியை 1957இல் அமெரிக்க வைத்தியர் சார்ள்ஸ் நியூமன் எழுதி வெளியிட்டார். சிதைந்த காதொன்றைத் திருத்துதற்காக, அதன் அயலில் தோலின் கீழ் றப்பர்ப் பையொன்றை வைத்துச் சிறுகச் சிறுகப் பெருப்பித்துத் தோலை வளர்த்தார். பல்லாண்டு அது பெரிதும் கவனிக்கப்படவில்லை. 1976 அளவில் செடோமிர் றடோவன் சிலிக்கோன் பையைக் கொண்டு அதனை மீட்டார்.

காது என்றதும் தமிழர்க்கு ஒன்று நினைவுக்கு வருதல் வேண்டும். தென்பாண்டி நாட்டு மூதாட்டியர் பாம்படமும் தண்டட்டியும் அணிந்த வடிகாது ஒரு நாளில் உண்டானதன்று. இளமையிலே துளையிட்டு, ஓலைச் சுருள் செருகி, பின்னர் ஈயக் குணுக்குத் தொங்கவிட்டுப் பொறுத்திருந்து வளர்த்தது. பாரத்தைத் திடீரென மிகுத்தால் மடல் அறுந்துபோம். வைத்தியர் கையாள்வதும் இப்பொறுமையையே.

தழும்பை அடுத்த நல்ல தோலின் கீழ் வெறும் பையை வைத்துத் தைப்பர். காயம் ஆறிய பின், சிறு வாயிலொன்றினூடாக ஊசியால் ஏறக்குறைய வாரந்தோறும் உப்புநீர் ஏற்றுவர். தோல் வெளிறினாலோ நோவு மிகுந்தாலோ அன்று அவ்வளவில் நிறுத்துவர். பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் செல்லும். இது வெறும் இழுபடுதலன்று. இழுவிசையை உணர்ந்த உயிரணுக்கள் பிரிந்து பெருகுகின்றன, நுண்குருதிக் குழாய்களும் மிகுகின்றன. பின்னர்ப் பையை எடுத்துத் தழும்பை நீக்கி, பெருகிய மடலை நகர்த்தித் தைப்பர்.

எவ்வளவு தோல் கிடைக்கும்? கேத்திரகணிதம் கற்ற மாணவன் கணித்துப் பார்க்கலாம். 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அரைக்கோளத்தின் மேல் வளைந்து செல்லும் நீளம் 15.7, அடியை மூட 10 வேண்டும், எஞ்சுவது 5.7. பையை எடுத்ததும் தோல் சற்றுச் சுருங்குவதால் நடைமுறையில் இதனிலுங் குறையும்.

இம்முறையின் சிறப்புத் தலையிலேயே தெளிவாகும். தலைமயிர் வளரும் தோலைத் தலையே தரமுடியும். புதிய மயிர்க்கால்கள் உண்டாவதில்லை. உள்ளவை சற்றே விலகி நிற்கும். தலைத்தோலிற் பாதியளவு தழும்பாயினும் எஞ்சியதைப் பெருக்கி மூடுதல் இயலும்.

இடர்களும் உள. கிருமி தொற்றலாம், பை ஒழுகலாம், தோலைத் துளைத்து வெளிப்படலாம். காலில் இவை மிகுதி. சிகிச்சையும் இருமுறை. கொழும்பிற் பை வைக்கப்பெற்ற பிள்ளை எமது கரையோரத்ததாயின், வாரந்தோறும் நெடும்பயணம் செய்வதோ அங்கேயே தங்குவதோ என்பது பெற்றோரின் வருவாயைப் பொறுத்தது.

இடைப்பட்ட மாதங்களில் அப்பிள்ளை வீக்கத்தோடு வகுப்பில் அமர்ந்திருக்கும். நோவைப் பொறுத்த பிள்ளையும் பட்டப்பெயரைப் பொறாது. கல்முனைப் பக்கத்து முஸ்லிம் பாடசாலைகளில் தொப்பியும் பர்தாவும் வழக்கமாதலால் தலையிலுள்ள பையை மறைத்தல் எளிது, கன்னத்திற்கு அவ்வசதியில்லை. ஆசிரியரிடம் அப்பிள்ளைக்கு வேண்டுவது பந்தாட்டத்திலிருந்து விலக்கும், ஊசி போடும் நாளில் விடுமுறையும், வீக்கம் எதற்கென வகுப்பிற்கு ஒருமுறை எடுத்துரைக்கும் பத்து நிமிடமுமே.