படகிழுத்த கரை

நுழையும்முன்

நடப்பதற்கு எளிதான பாதை என்று ஒன்றைக் குறிப்பிடும்போது, அந்த எளிமை எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. தேம்ஸ் ஆற்றங்கரையில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு ஊர்களை இணைக்கும் ஒரு நடைபாதையை முன்வைத்து அந்தக் கேள்வியை எழுப்புகிறது இக்கட்டுரை.

இலண்டன் மாநகரின் தென்மேற்கு ஓரத்தில் கிங்ஸ்டன், ரிச்மண்ட் என்னும் இரண்டு ஊர்கள் உள்ளன. தேம்ஸ் ஆறு முதலில் கிங்ஸ்டனைத் தொட்டு, பிறகு வடக்கே வளைந்து ரிச்மண்டை அடைகிறது. கிங்ஸ்டன் பாலத்திலிருந்து ரிச்மண்ட் பாலம் வரை வலக்கரையை ஒட்டி நடந்தால் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். நின்று நிதானித்து நடந்தாலும் இரண்டரை மணி நேரம் போதும். ஏற வேண்டிய மேடு என்று எதுவும் இல்லை. ஆறு எப்போதும் இடப்பக்கத்திலேயே வருவதால் வழி தவறவும் வாய்ப்பில்லை. கைத்தடி ஊன்றிய முதியோர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவோர், மிதிவண்டியில் செல்வோர், ஓட்டப்பயிற்சி செய்வோர் எனப் பலதரப்பட்டவர்களை இப்பாதையில் காணலாம்.

ஆற்றங்கரை இயல்பிலேயே நடக்க எளிதான இடம் என்று எண்ணிவிடக் கூடாது. வெள்ளம் கரையை அரிக்கும், சேறு காலை இழுக்கும், புதர் மறிக்கும். மாநகருக்கு அருகிலுள்ள கரையென்றால் இவற்றைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அது தனியார் மதில். நீரோரத்து நிலத்தை விலை கொடுத்து வாங்கியவர் அதனைச் சுற்றிச் சுவரெழுப்பத்தான் விரும்புவார். இவற்றையெல்லாம் மீறி, இரண்டு ஊர்களுக்கிடையே கரை அறுபடாமல் கிடப்பது எவ்வாறு?

இழுவைப் பாதை

இக்கேள்விக்கான முதல் விடை, நடைபயணத்தோடு சற்றும் தொடர்பில்லாதது. நீராவி எந்திரம் வருவதற்கு முன், மரமும் தானியமும் நிலக்கரியும் தேம்ஸில் பெரும் படகுகளில் சென்றன. நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லக் காற்று துணை செய்யாதபோது, படகில் நீண்ட கயிற்றைக் கட்டிக் கரையிலிருந்து இழுத்தனர். முதலில் இழுத்தவர்கள் மனிதர்கள். தோளில் கயிற்றை மாட்டிக்கொண்டு, கூட்டமாகக் குனிந்து, சேற்றில் கால் புதைய இழுத்தனர். நம் பக்கிங்காம் கால்வாயிலும் உப்பும் விறகும் ஏற்றிய படகுகளை இவ்வாறு கரையிலிருந்து ஆள்கள் இழுத்துச் சென்றதுண்டு. தேம்ஸில் பிற்பாடு இவ்வேலை குதிரைகளிடம் வந்தது.

குதிரைக்கு ஏற்ற பாதை வேறு வகையானது. மனிதன் வேலியைத் தாண்டுவான், ஓடையில் இறங்கி ஏறுவான். பல டன் சுமையை இழுக்கும் குதிரையால் அது முடியாது. அதற்குத் தளம் சமமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். பாதை இடையில் அறுபடக் கூடாது. நீருக்கும் பாதைக்கும் நடுவே கயிறு சிக்கும்படி மரமோ சுவரோ இருத்தல் ஆகாது. இத்தேவைகளை நிறைவு செய்யக் கரையோரம் உருவானதே இழுவைப் பாதை. நிலம் யாருடையதாயினும் அதன் ஓரமாகக் கடந்து செல்லும் உரிமை நிலைபெற்றது. கிங்ஸ்டன் பாலத்துக்கு மேற்புறம் இப்பாதை இடக்கரையில் செல்கிறது. பாலத்தில் வலக்கரைக்கு மாறி, ரிச்மண்டைக் கடந்தும் அதே கரையில் தொடர்கிறது.

இருப்புப்பாதை 1846இல் ரிச்மண்டை எட்டியது. சரக்குகள் தொடர்வண்டிக்கு மாறின. நீராவி இழுபடகுகளும் வந்தன. குதிரைகள் போயின, பாதை மட்டும் எஞ்சியது. ஆற்றின் தோற்றுவாயிலிருந்து இலண்டன் வரை, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்துக்கு, ‘தேம்ஸ் பாதை’ என்னும் தேசிய நடைவழி 1996இல் திறக்கப்பட்டபோது அதன் முதுகெலும்பாக அமைந்தது இந்தப் பழைய இழுவைப் பாதைதான். குதிரைக்காக இடப்பட்ட சமதளம், இன்று மூட்டுவலி உள்ளவருக்கும் தள்ளுவண்டிக்கும் உதவுகிறது. இதனைத் திட்டமிட்டவர் எவருமில்லை.

ஓதம் முடியும் இடம்

கிங்ஸ்டன் பழம்பெருமை உடைய ஊர். ஏதெல்ஸ்டன் என்னும் ஆங்கிலோ-சாக்சன் அரசன் 925இல் இங்குதான் முடிசூடினான். 1729 வரை, இலண்டன் பாலத்தை விட்டால் மேல்நோக்கி வருவோர் ஆற்றைக் கடக்க அடுத்த பாலம் கிங்ஸ்டனில்தான் இருந்தது. இப்போதுள்ள கற்பாலம் 1828இல் திறக்கப்பட்டது. பாலத்தருகே கடைகளும் உணவகங்களும் நெருங்கி நிற்கின்றன. அவற்றைக் கடந்து, கேன்பரி பூங்காவின் மரநிழலில் நடந்தால் முக்கால் மணி நேரத்திற்குள் டெடிங்டனை அடையலாம்.

நீரின் இரைச்சல் முன்னதாகவே கேட்கும். ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை. அதன் அருகே படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றி இறக்கும் ‘லாக்’ என்னும் கதவுத்தொட்டிகள். படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை மூடுவர். நீரை நிரப்பியோ வடித்தோ, செல்லவேண்டிய பக்கத்து மட்டத்துக்குக் கொண்டுவந்த பின் முன்கதவைத் திறப்பர். இங்கு முதல் தொட்டி 1811இல் கட்டப்பட்டது. இன்று வெவ்வேறு அளவில் மூன்று உள்ளன.

இவ்விடத்தின் சிறப்பு, கடலின் ஆட்சி இங்கே முடிகிறது என்பதே. கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள இந்த அணை வரை ஓதம் ஏறி வருகிறது. வருவது உப்புநீர் அன்று. கீழேயிருந்து எழும் ஓதம் ஆற்று நீரை எதிர்த்துத் தேக்குவதால் நன்னீரே உயர்ந்து தாழ்கிறது. அணைக்குச் சற்றுக் கீழே கரையில் ஒரு கல்தூண் நிற்கிறது. மேலாற்றை ஆளும் அமைப்புக்கும், கீழே இலண்டன் துறைமுக ஆணையத்துக்கும் 1909இல் வகுக்கப்பட்ட எல்லை அது. டெடிங்டன் என்ற பெயரே ‘ஓதம் முடியும் ஊர்’ என்ற பொருளுடையது என்று பலர் விளக்குவர். கேட்க இனிமையான விளக்கம்தான்; ஆனால் சரியானதன்று. அது ஒரு பழைய மனிதப் பெயரிலிருந்து வந்ததாகவே ஊர்ப்பெயர் ஆய்வு கூறுகிறது. நம் ஊர்ப்பெயர்களுக்கும் இத்தகைய இனிய விளக்கங்கள் எத்தனை உண்டு என்பதை நீங்களே அறிவீர்கள்.

அணையைத் தாண்டியதும் கட்டடங்கள் மறைந்து, ஹாம் நிலங்கள் என்னும் புதர்க்காடு தொடங்குகிறது. இயற்கை அப்படியே விட்டுவைத்த இடம் போலத் தோன்றும். உண்மையில் இவை சரளைக்கல் தோண்டிய பள்ளங்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சால் இடிந்த இலண்டன் வீடுகளின் இடிபாடுகளைக் கொட்டி இவற்றை நிரப்பினர். பல இடத்து மண்ணும் சுண்ணமும் கலந்ததால் பல வகைச் செடிகள் இங்கே முளைத்தன.

ஒரு பென்னி வழக்கு

புதர்க்காடு முடியும் இடத்தில், 1610இல் கட்டப்பட்ட ஹாம் மாளிகை தென்படும். அதன் எதிர்க்கரையில் மார்பிள் ஹில் என்னும் மற்றொரு மாளிகையும் அதன் பூங்காவும் உள்ளன. அப்பூங்காவில் வீட்டுமனைகள் போடும் முயற்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைபெற்றது. ரிச்மண்ட் குன்றின் மேல் நின்று பார்த்தால் ஆறும் புல்வெளியும் தெரியும் புகழ்பெற்ற காட்சி அதனால் கெட்டுவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. நிலத்தை விலைக்கு வாங்கிப் பொதுப்பூங்கா ஆக்கினர். 1902இல் நாடாளுமன்றம் அக்காட்சியைக் காக்கவே ஒரு சட்டம் இயற்றியது. ரிச்மண்டை ஒட்டிய பீட்டர்ஷாம் புல்வெளியில் இன்றும் மாடுகள் மேய்கின்றன என்றால், அதற்குக் காரணம் அச்சட்டம்.

பூங்கா திறந்ததும் மக்கள் இரு கரைகளிலும் திரண்டனர். வால்டர் ஹேமர்ட்டன் என்னும் படகோட்டி 1909இல், ஆளுக்கு ஒரு பென்னி வாங்கிக்கொண்டு அவர்களை அக்கரை சேர்க்கத் தொடங்கினார். சற்று மேற்புறம் பழைய பரிசல்துறை ஒன்று இருந்தது. ஆற்றைக் கடத்திவிடும் தனியுரிமை தங்களுடையது என்று கூறி, அத்துறையை நடத்தியவரும் அதன் உரிமையாளரான பிரபுவும் வழக்குத் தொடுத்தனர். பொதுமக்கள் நிதி திரட்டி ஹேமர்ட்டனுக்குத் துணைநின்றனர். நாட்டின் உச்சநிலை நீதிமன்றமாக விளங்கிய பிரபுக்கள் அவை வரை சென்ற வழக்கில், 1915இல் படகோட்டியே வென்றார். பூங்காவால் புதிதாக எழுந்த மக்கள் போக்குவரத்து, பழைய துறையின் உரிமைக்குள் அடங்காது என்பது தீர்ப்பின் சாரம். ஒரு பென்னிக் கட்டணத்துக்கு இத்தனை பெரிய வழக்கா என்று தோன்றலாம். கரைக்கு வரும் வழி யாருடைய கையில் இருக்க வேண்டும் என்பதே அங்கு வழக்கு.

எளிமையின் எல்லை

பாதையின் முடிவில் நிற்கும் ரிச்மண்ட் பாலம் 1777இல் கட்டி முடிக்கப்பட்டது. இலண்டனில் தேம்ஸின்மீது எஞ்சியுள்ள பாலங்களுள் இதுவே பழையது. இதற்குப் பணம் திரட்டிய முறை விந்தையானது. பங்குதாரர்களுக்குச் சுங்க வருவாயிலிருந்து ஆண்டுதோறும் தொகை கிடைக்கும்; ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றவர்களுக்குச் சேரும். நடந்து செல்வோரும் சுங்கம் செலுத்தினர். கடைசிப் பங்குதாரர் மறைந்த 1859இல்தான் பாலம் அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் இப்பாதை எல்லா நாளும் எல்லார்க்கும் எளிதன்று. பெரும்பகுதி சரளையும் மண்ணும் இட்ட தடம்; மழைக்குப் பின் குட்டைகள் தேங்கும். சக்கர நாற்காலியில் வருவோர்க்குக் கிங்ஸ்டன் முனையில் உள்ள வசதி நடுப்பகுதியில் இல்லை. அதனினும் பெரிய தடை ஓதம். பழைய இலண்டன் பாலம் 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்ட பின், அதன் நெருக்கமான தூண்கள் தடுத்துவைத்த நீர் விரைந்து வடியலாயிற்று. தாழ் ஓதத்தில் ரிச்மண்ட் ஆறு சேற்றுப்படுகையாகக் காட்சியளித்தது. எனவே 1894இல் ரிச்மண்டுக்குக் கீழே தூக்கி இறக்கும் கதவணை ஒன்றை அமைத்தனர். நீர் ஓரளவுக்குக் கீழே வடியாமல் அது காக்கிறது. மேலே ஏறுவதை அது தடுப்பதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் எழும் பேரோதம் டெடிங்டனுக்குக் கீழே பாதையின் தாழ்ந்த பகுதிகளில் ஏறிவிடும். ரிச்மண்ட் படித்துறையில் நிறுத்திய மகிழுந்துகள் நீரில் நிற்பதும் உண்டு. இளைஞர் ஒருவர் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடந்துவிடுவார். சக்கர நாற்காலியில் வந்தவர் நீர் வடியும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது வந்த வழியே திரும்ப வேண்டும்.

ஆகவே அங்கே நடப்போர் புறப்படுமுன் ஓத அட்டவணையைப் பார்க்கின்றனர். இலண்டன் பாலத்தில் நீர் உச்சத்தைத் தொட்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே ரிச்மண்டில் உச்சம். அந்நேரம் கடந்த பின் ரிச்மண்டை அடையுமாறு கிங்ஸ்டனில் கிளம்புவது நல்லது. திரும்பி நடக்க இயலாதவர்க்கு இரு ஊர்களையும் இணைக்கும் 65ஆம் எண் பேருந்து இருக்கிறது. அதன் வாசலில் சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளமும் உண்டு.