புதுப் பெயர் எடுப்பது ஏன்?

ஆரணியில் பட்டு நெய்யும் பலர் பட்டு நூலையும் சரிகையையும் தம் கைக்காசு போட்டு வாங்குவதில்லை. கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ கொடுப்பார். வீட்டுத் தறியில் நெய்து கொடுத்தால் கூலி. விலை உயர்ந்த நூலை எந்த நம்பிக்கையில் கொடுக்கிறார்கள்? ஏட்டில் நெசவாளர் பெயருக்கு நேரே உள்ள பழைய கணக்கை நம்பித்தான். சேலையில் குறை வந்தால் அதுவும் அந்தப் பெயரில்தான் சேரும். நாளைக்கு அவர் வேறு பெயரில் வந்து நிற்க முடியுமா? ஊரே அவரை அறியுமே!

இணையத்தில் முடியும். பலர் கூடிப் பேசும் தளங்களில் பழைய கணக்கைக் கைவிட்டுப் புதுப் பெயர் ஒன்றைத் தட்டினால் போதும். அங்கே நீங்கள் இன்று பிறந்தவர்!

ஏமாற்றிவிட்டு இப்படி நழுவுபவர்கள் உண்டு. ஆனால் எல்லாரும் அப்படியல்லர். 13 வயதில் போட்ட சண்டையும் அசட்டுப் பேச்சும் 18 வயதிலும் ஒருவரின் பெயருக்குக் கீழேயே கிடக்கும். மனிதர்கள் மறந்துவிடுவார்கள், கணிப்பொறி மறக்காது. தொல்லை கொடுப்பவரிடமிருந்து தப்ப நினைக்கும் பெண்ணுக்கோ புதுப் பெயர் ஒரு கதவுத் தாழ்ப்பாள். வேறு சிலருக்குப் பழைய பெயரில் குறையே இல்லை. கிரிக்கெட் எழுதிப் பெயர் வாங்கியவர் கவிதை எழுதினால், கிரிக்கெட் எங்கே என்று கேட்பார்களே!

இது இணையத்தோடு வந்த பழக்கமன்று. குமுதத்தில் பணியாற்றிய ரா. கி. ரங்கராஜன், சூர்யா, ஹம்சா, மாலதி என்று பல பெயர்களில் எழுதினார். பிரான்சில் ரொமெய்ன் காரி 1956-இல் கோன்கூர் பரிசு பெற்றார். ஒருவருக்கு ஒரு முறைதான் அந்தப் பரிசு. 1975-இல் எமீல் அஜார் என்ற 'புதியவருக்கு' அது கிடைத்தது. அவரும் காரியேதான்! 1980-இல் அவர் இறந்த பிறகே உண்மை வெளிவந்தது.

சரி, இதனால் யாருக்கு நட்டம்? எரிக் ஃபிரீட்மன், பால் ரெஸ்னிக் என்ற இருவர் 2001-இல் இதைக் கணித முறையில் ஆராய்ந்தனர். பெயர் இலவசமாகக் கிடைக்கும் இடத்தில், புதுப் பெயருக்கு உரியவர் உண்மையிலேயே புதியவரா, நேற்று விரட்டப்பட்டவரா என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே புதியவர் எல்லார்மீதும் சந்தேகம் விழுகிறது. சில தளங்கள், "கணக்குத் தொடங்கிச் சில நாள் ஆகட்டும், பிறகு எழுதலாம்" என்கின்றன அல்லவா? யாரோ ஏமாற்றியதற்கு நீங்கள் கட்டும் வரி அது!

இதற்கு அவர்கள் ஒரு வழியும் சொன்னார்கள். உண்மைப் பெயரை வெளியிட வேண்டாம். ஆனால் ஒருவருக்கு ஓர் இடத்தில் ஒரே புனைபெயர்தான் என்று நம்பகமான ஒரு நிறுவனம் பார்த்துக்கொள்ளட்டும். ஏறக்குறைய ஆரணி ஏட்டுக் கணக்குப் போலத்தான். நல்ல யோசனை. ஆனால் தொல்லைக்கு அஞ்சி ஓடிவந்த பெண்ணுக்கும் அங்கே வழி அடைபடுமே! அதற்கு விடை எளிதல்ல.

பெயரை மாற்றினால் ஆளை மறைத்துவிட முடியுமா? 2013-இல் ராபர்ட் கால்பிரெய்த் எழுதிய துப்பறியும் நாவலைப் பாட்ரிக் ஜுவோலா கணிப்பொறியில் ஆராய்ந்தார். சொற்களின் நீளம், அடிக்கடி வரும் சிறு சொற்கள் போன்றவை 'ஹாரி பாட்டர்' எழுதிய ஜே. கே. ரௌலிங்கின் நடையோடு ஒத்துப்போயின. ரௌலிங்கும் ஒப்புக்கொண்டார்.

நீங்களும் செய்து பார்க்கலாம். நண்பர்கள் ஐவரிடம் பெயர் போட்டு ஒரு பக்கமும், பெயர் போடாமல் ஒரு பக்கமும் எழுதி வாங்குங்கள். 'ஆனால்', 'அதனால்', 'கூட' ஆகிய சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணுங்கள். எத்தனை பேர் பிடிபடுகிறார்கள்?